சுசீலாவுக்கு டோக்கன் கட்

சுசீலாவுக்குத் தரையில் நடப்பதைவிட மேலே உட்கார்ந்திருப்பதுதான் பிடிக்கும். இதைச் சொன்னதும் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவள் கிரேன் ஆபரேட்டர். ஷாப் என்று அவர்கள் சொல்லும் பட்டறையின் கூரைக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கிரேன். அதன் அடியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவள் இடம். இரும்புத் தகடு எங்கே போகவேண்டும் என்று கீழே இருப்பவர்கள் கையை ஆட்டுவார்கள், அவள் கொண்டுபோய் வைப்பாள். இத்தனை ஆம்பளைகளும் அண்ணாந்து பார்த்துப் பேசுகிற ஒரே பொம்பளை நான்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். முட்டிவலி வந்தபோது கீழே உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஏணி பழகிப்போய்விட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஷாப்பில் யாருக்கும் பேர் கிடையாது என்றால் அது பாதி உண்மை. பேர் இருக்கும், ஆனால் ஆளைச் சொல்ல டோக்கன் நம்பர்தான். ஒரு காலத்தில் நிஜமாகவே பித்தளை வில்லை இருந்ததாம். உள்ளே வரும்போது எடுத்துக்கொண்டு, போகும்போது பலகையில் மாட்டிவிட்டுப் போவார்களாம். இப்போது முகத்தைக் காட்டினாலே மெஷின் வழி விடுகிறது. வில்லை போய்விட்டது, சொல் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்பளம் போடுவதும் லீவு கொடுப்பதும் குவார்ட்டர்ஸ் ஒதுக்குவதும் டோக்கனுக்குத்தான். ஒருத்தர் ரிட்டயர் ஆனாலும், வேலையிலிருந்து தூக்கப்பட்டாலும், செத்தே போனாலும் ஷாப்பில் அதற்குச் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: டோக்கன் கட்.

அந்த வார்த்தையைச் சுசீலா முதன்முதலில் கேட்டபோது அவள் தொழிற்சாலைக்கு வெளியாள். அவள் கணவன் எழில் அதே ஷாப்பில் ஃபிட்டர். பூந்தமல்லி சாலையில் லாரி அடித்துப் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு ஏதோ கையெழுத்துக்காக ஆபீஸுக்கு வரச்சொன்னார்கள். அங்கிருந்த குமாஸ்தா கெட்டவர் இல்லை, நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து, “அவரு டோக்கன் கட் ஆயிடுச்சிம்மா” என்றார். எழில் செத்தது லாரியின் அடியில் அல்ல, இந்த மேஜையின் மேல்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு வந்த அழுகை சாவு வீட்டில்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு மகள் நிவேதிதாவைத் தூக்கிக்கொண்டு செம்பரம்பாக்கத்தில் இருக்கும் அண்ணன் சம்பந்தம் வீட்டுக்குப் போனாள். அண்ணன் நல்லவன். நிலம் மனையாகிப் போன பிறகு, அந்த மனைகளுக்கு நடுவே எழும்பிய கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர் வேலை பார்த்தான். அண்ணியும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதிலும் ஒரு விதம் உண்டே. ஃபேன் போடுவதற்கு முன் சுசீலா மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பாள். விருந்தாளி வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். டிவியில் சேனல் மாற்றியதே இல்லை. ஒருநாள் குழந்தை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த பிஸ்கட் நம்முடையதா அம்மா என்று ரகசியமாகக் கேட்டது. அப்போதே சுசீலா முடிவு பண்ணினாள், இங்கிருந்து ஒருமுறை கிளம்பிவிட்டால் படுக்கையோடு இந்த வாசலை மறுபடி மிதிக்கக் கூடாது என்று.

கருணை அடிப்படையில் வேலை வந்தது, குவார்ட்டர்ஸும் வந்தது. சாவி கிடைத்த அன்று இரண்டு அறையிலும் எல்லா விளக்கையும் எல்லா ஃபேனையும் போட்டுவிட்டு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வீட்டில் சாமான் ஒன்றும் கிடையாது, காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. அதன் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அண்ணன் வீட்டுக்குக் காலையில் போவாள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். தங்கிவிட்டுப் போயேன் என்று அண்ணன் சொன்னால் ஷிப்டு இருக்கிறது என்பாள். லீவு நாளிலும் அதேதான் சொல்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் போன மார்ச் மாதம் வந்தது.

மார்ச் வந்தாலே யூனியன் செயலாளர் குணசேகரனுக்குப் பேச்சு பொங்கும். கேண்டீனில் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் வருடா வருடம் ஒரே பாடத்தை நடத்துவார். பிப்ரவரியில் நிதி மந்திரி பட்ஜெட் வாசிக்கிறாரே, அது கொடுப்பது இல்லை, கேட்பது. ராணுவத்துக்கு இவ்வளவு வேண்டும் என்பது மானியக் கோரிக்கை என்ற பேரில் லோக்சபாவுக்குப் போகும். முதலில் எம்.பி.க்கள் குழு ஒன்று உட்கார்ந்து கணக்கைக் குடைந்து அறிக்கை கொடுக்கும். பிறகு சபையில் வைத்து ஓட்டு எடுத்து, அதற்கு ஒரு சட்டமும் போட்டால்தான் கஜானாவில் கை வைக்கலாம். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் தளும்பினாலும் மதகைத் திறந்தால்தானே நம் வீட்டுக் குழாயில் வரும், அதுபோலத்தான் என்பார். சுசீலாவுக்கு இதில் பாதி புரியும், மீதி தேவைப்படவில்லை. அங்கே ஓட்டு விழுந்தால் இங்கே ஆர்டர் வரும், ஆர்டர் வந்தால் தகடு வரும், தகடு வந்தால் கிரேன் ஓடும். அவளுக்கு அது போதும்.

போன மார்ச்சில் கிரேன் அவ்வளவாக ஓடவில்லை. ஆர்டர் குறைவு. ஏற்கெனவே சில வருடங்களுக்கு முன் தொழிற்சாலையைக் கம்பெனி ஆக்கியிருந்தார்கள்; இவர்கள் அரசாங்க ஊழியர்களாகவே, ஆனால் கம்பெனிக்கு இரவல் கொடுக்கப்பட்டவர்கள் மாதிரி இருந்துகொண்டிருந்தார்கள். அடுத்து என்ன என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்த நேரம். அப்போது ஒரு சாயங்காலம், அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கையில், வாட்ஸ்அப்பில் குணசேகரன் குரல் வந்து விழுந்தது.

“தோழர்களே, டில்லிலருந்து தகவல் வந்துகீது. நாளைக்கு சாயங்காலம் லோக்சபால நம்ம டிஃபன்ஸ் கோரிக்கை வருது. ஆவடி விஷயமா டோக்கன் கட் குடுத்துக்கீறாங்க. கில்லட்டின் போடப்போறாங்களாம். எல்லாரும் தயாரா இருங்க.”

வேறு ஊரில் இதைக் கேட்டிருந்தால் ஒன்றும் புரியாமல் அடுத்த மெசேஜுக்குப் போயிருப்பார்கள். ஆவடி குவார்ட்டர்ஸின் கஷ்டம், எல்லாருக்கும் எல்லாமே புரிந்தது. டோக்கன் கட் என்றால் என்ன என்று ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். கில்லட்டின் என்பது ஷாப்பில் தகடு வெட்டுகிற மெஷின். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், கத்தி இறங்கினால் கட்டடமே ஒரு தடவை குலுங்கும். அதற்குத் தகடு ஊட்டுகிற வேலையே சுசீலாவுடையதுதான். லோக்சபாவுக்கும் தனியாக ஒரு ஷாப் பாஷை இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அனுப்பிய குணசேகரனுக்கே தோன்றவில்லை. டில்லியிலிருந்து இங்கிலீஷில் வந்த இரண்டு வரியை அப்படியே படித்து அனுப்பிவிட்டார். தலைவர் ஆயிற்றே, அர்த்தம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது.

சுசீலா அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேலைகூடப் பெரிதாகத் தோன்றவில்லை; எதையாவது செய்து கஞ்சி குடித்துவிடலாம். குவார்ட்டர்ஸ் போய்விடும். மகள் வேலப்பன்சாவடியில் காலேஜ் படிக்கிறாள், இன்னும் முடியவில்லை. வாடகைக்கு வீடு பிடிக்கிற வரைக்கும் போய் நிற்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அது செம்பரம்பாக்கத்து அண்ணன் வீட்டு வாசல். பக்கத்து வீட்டு ஷர்மிளா வந்து, நாளைக்கு டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள், எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றாள். ஷர்மிளாவின் அப்பாவுக்கும் இதே மாதிரித் தொழிற்சாலை வேலைதான், ஜபல்பூரில். அந்த ஊர்க் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், இந்தி தண்ணீர்பட்ட பாடு.

மறுநாள் வேலையில் சுசீலா ஒரு தகட்டைக் கோணலாக இறக்கினாள். கீழே இருந்தவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, தானே கம்பியால் நெம்பி அதை நேராக்கினான். வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பான்.

ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் சாமான் ஒன்றும் இல்லை. கோணிப்பையும் பழைய போர்வையும் மட்டும். படியில் சம்பந்தம் கயிற்றுச் சுருளோடு உட்கார்ந்திருந்தான்.

சம்பந்தத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவன் எதையும் நேரத்தோடு செய்தவன் இல்லை, எல்லாமே முந்திக்கொண்டுதான். காலை ரயிலுக்கு முதல்நாள் ராத்திரியே ஸ்டேஷனில் போய்ப் படுப்பான். சுசீலா கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வாழைமரம் கட்டி, முகூர்த்தத்துக்குள் மாடு தின்று தண்டு மட்டும் மிஞ்சியது. அவன் மனைவியின் சொந்தக்காரர் ஒருவர் அதே குவார்ட்டர்ஸில் இருந்தார்; அவர் வாய்வழியாகச் செய்தி செம்பரம்பாக்கம் போயிருக்கிறது. லோக்சபா கூடுவதற்கு முன்பே இவன் வண்டி பிடித்துவிட்டான்.

“பயப்படாத சுசீ. அண்ணன் கீறேன்ல. மொதல்ல கட்டில ஏத்திட்லாம், கண்ணாடி சாமானுக்குப் போர்வ எடுத்துகினு வந்துகீறேன்” என்றான்.

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது, மேல் வீட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. சுசீலாவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்கிற மனிதனிடம் எப்படிச் சண்டை போடுவது. உள்ளே வா, காபி போடுகிறேன் என்றாள். பாலை அடுப்பில் வைத்ததும் ஷர்மிளா வந்து, டிவியில் ஆரம்பித்துவிட்டார்கள் என்று கூப்பிட்டாள். டிரைவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு மூவரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

டிவியில் பெரிய சபை, பாதி நாற்காலி காலி. சபாநாயகர் இடத்தில் இருந்தவர் கையில் தாளை வைத்துக்கொண்டு கிடுகிடுவென்று படித்தார். சுசீலா கத்தியைத் தேடினாள். நிஜமாகத்தான், ஏதாவது ஒன்று இறங்கும், சத்தம் கேட்கும் என்று அவள் உடம்பு காத்துக்கொண்டிருந்தது. படித்தவர் ஏதோ கேட்டார். கொஞ்சம் பேர் ஒன்று சொன்னார்கள், நிறையப் பேர் வேறொன்று சொன்னார்கள். உடனே அவர் அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

இப்போது என்ன ஆயிற்று என்று சம்பந்தம் கேட்டான். ஷர்மிளா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, வெட்டுத் தீர்மானம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டுக்கு விட்டார்கள், அத்தனையும் தோற்றுப்போய்விட்டது என்றாள். பிறகு கோரிக்கைகளை ஒன்றாகக் கட்டி ஓட்டுக்கு விட்டார்கள், அது நிறைவேறியது. அதற்கான மசோதாவை உடனே எடுத்தார்கள். ராணுவத்துக்கு ஒரு வருடத்துக்கு வேண்டியது, வேறு எத்தனையோ இலாகாவுக்கு வேண்டியது, லட்சக்கணக்கான கோடி, எல்லாம் சேர்ந்து சுசீலா அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது.

“வெட்டு தோத்துடுச்சின்னா, டோக்கன் கட் இல்லியா?” என்று சுசீலா கேட்டாள்.

ஷர்மிளாவுக்கு நம்பிக்கையாகச் சொல்லத் தெரியவில்லை. தோற்றது என்னவோ நிஜம் என்றாள். அதுவே போதும் என்று மாடியில் இதையே பார்த்துக்கொண்டிருந்த யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் அடுத்த பிளாக்குக்கும் பரவியது. எங்கேயோ ஒருவன் பட்டாசு கொளுத்தினான். போன தீபாவளி மிச்சம் போல, நமுத்துப்போய்ப் பாதிதான் வெடித்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் குணசேகரன் வந்தார். வந்த தோரணை தலைவர் மாதிரி இல்லை, தப்பு செய்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர் மாதிரி இருந்தது. தகவல் அனுப்பிய டில்லி ஆளுக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது என்றார். பிறகு ஷர்மிளா வீட்டு நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, இந்த வருடத்துப் பாடத்தைத் திருத்தி நடத்தினார்.

லோக்சபாவில் ஒரு வழக்கம் உண்டாம். ஒரு எம்.பி.க்கு ஒரு குறையைச் சபையில் சொல்லவேண்டும் என்றால், அந்த இலாகா கேட்கிற லட்சம் கோடியில் நூறு ரூபாயைக் குறைத்துக்கொள் என்று தீர்மானம் கொடுப்பார். நூறு ரூபாய் யாருக்கும் வேண்டாம். அதைச் சாக்காக வைத்து, இன்ன ஊரில் இன்ன குறை இருக்கிறது என்று கணக்கில் ஏற்றுவதுதான் விஷயம். அதற்குப் பேர்தான் டோக்கன் கட். கில்லட்டின் என்பதும் மெஷின் இல்லை. எல்லா இலாகாவையும் பேசி முடிக்க நாள் போதாது, அதனால் பேசாமல் மிச்சமாகி நிற்பதை எல்லாம் கடைசி நாள் ஒரே வெட்டில் ஓட்டுக்கு விட்டுப் பேச்சை முடித்துக்கொள்வார்கள். வெட்டுப்படுவது பேச்சுதான், ஆள் இல்லை.

“அப்ப ஆவடின்னு போட்டுகீதே, அது இன்னா?” என்றான் சம்பந்தம்.

குணசேகரன் தரையைப் பார்த்தார். ஏதோ ஒரு ஊர் எம்.பி., பேர்கூட இவர்களுக்குத் தெரியாது, நூறு ரூபாய் வெட்டு கொடுத்திருக்கிறார். காரணம் என்று எழுதியிருந்தது: ஆவடித் தொழிற்சாலைகளுக்குப் போதிய ஆர்டர் தரவேண்டியதன் அவசியம்.

 தங்களுக்காகப் பரிந்து பேச வந்த ஒரே மனிதர் தோற்றதற்குத்தான் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கைதட்டி வெடி வெடித்திருக்கிறது என்பது மெல்ல மெல்ல உறைத்தது. முதலில் ஷர்மிளா சிரித்தாள். பிறகு குணசேகரனே சிரித்துவிட்டார். சுசீலா மட்டும், நம் விஷயத்தை வாயைத் திறந்து பேசவே இல்லையா, பேசாமலே ஓட்டுப் போட்டுவிட்டார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றார் அவர். அது சரியில்லையே என்றாள். சரியில்லைதான். அவ்வளவு பணத்தைப் பற்றி நாலு வார்த்தையாவது பேசியிருக்கலாம். ஆனால் அந்த நியாயத்தை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. டோக்கன் இருக்கிறது, வீடு இருக்கிறது. நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ ஹூக்கை மாட்டித் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பால் பொங்கி அடுப்பு நாறிப்போயிருந்தது. அவள் துடைத்தாள். சம்பந்தம் அடுப்படி வாசலில் நின்றான். டிரைவருக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று யோசிக்கிறான் என்று அவள் நினைத்தாள். பார்த்தால் முகமே மாறியிருந்தது. வந்தபோது இருந்த விறைப்பு இல்லை, தோள் இறங்கியிருந்தது.

“சுசீ, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டியே” என்றான். “எனக்கு இப்பதான் மூச்சே வருது. ஊட்ல எடமே இல்ல. பெரியவனுக்குக் கல்யாணம் ஆனதுலருந்து நானும் உங்க அண்ணியும் நடையில படுத்துகினு கீறோம். உன்னையும் புள்ளையையும் எங்க வெக்கிறதுன்னு வழி பூரா யோசிச்சிகினே வந்தேன். ஒண்ணும் தோணல.”

சுசீலா துணியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“அப்புறம் இன்னாத்துக்கு வண்டி எடுத்துகினு வந்தே?”

அவன் அந்தக் கேள்வி புரியாதவன் மாதிரி அவளைப் பார்த்தான்.

“வராம?” என்றான்.

சுசீலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை அவள் துடைக்கவில்லை. இத்தனை வருடமாக அந்த வீட்டில் தான் சுருட்டி வைத்த பாயைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். விரிக்க இடம் இல்லாத வீட்டிலிருந்து ஒரு மனிதன் கயிறும் போர்வையுமாக ஓடிவருவான் என்று அவள் நினைத்ததே இல்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கியது, அது டோக்கன் பாரம் இல்லை.

டிரைவரையும் உள்ளே கூப்பிட்டு, காலேஜிலிருந்து அப்போதுதான் வந்த மகளோடு சேர்த்து மூன்று பேருக்கும் தோசை வார்த்தாள். சம்பந்தம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்றாள். வா, கறி எடுத்து வைக்கிறேன், பொழுதோடு கிளம்பிவிடலாம் என்று அவள் வழக்கம் தெரிந்தவனாகச் சொன்னான்.

“இல்லண்ணா. ராத்திரி தங்கிட்டுத்தான் வருவேன்.”

“எங்க படுப்பே?” என்று அவன் பதறிப்போய்க் கேட்டான்.

“நடையிலதான். அண்ணிய கொஞ்சம் நவுந்து படுக்கச் சொல்லு.”